கீழ்க்காட்டின் எலிகள்

இலக்கியத் தொடர் ஒன்றில் எலியைப் பற்றியா பேசப்போகிறீர்கள் என்று நேயர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எலி நமது இலக்கியத்துக்குப் புதிய விருந்தாளி அல்ல. படைமாட்சி பாட வந்த வள்ளுவரே, ஒரு நாகத்தின் மூச்சுக்கு முன்னால் நிற்கமாட்டாத பெருங்கூட்டத்துக்கு எலிகளைத்தான் உவமை காட்டினார். விநாயகப் பெருமானைச் சுமப்பதும் எலிதான். தனி வளை வேண்டும் என்ற ஆசைக்கும், மலையைக் கெல்லிப் பிடித்த ஏமாற்றத்துக்கும் நமது பழமொழிகளில் எலியே சாட்சி. இவற்றையெல்லாம் சொல்லி நேரத்தைப் போக்குவது என் நோக்கமன்று. கண்டிச் சீமையின் பொருளாதார வரலாற்றில் எலிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அதை நமது வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் அடிக்குறிப்போடு நிறுத்திவிட்டார்கள். அந்த அடிக்குறிப்பில்தான் நமது மக்கள் இருக்கிறார்கள் என்பதால் அதைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

பல்லேகலையிலிருந்து தொடங்குவோம். கண்டி நகரிலிருந்து மகாவலியைக் கடந்து கிழக்கே தெல்தெனியப் பாதையில் சென்றால் குண்டசாலையை அடுத்து வருவது பல்லேகல. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு 2009இல் திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானம் நினைவுக்கு வரும். சிலருக்குக் கைத்தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். போகம்பறையிலிருந்து 2014இல் இடம் மாறிய சிறைச்சாலையை நினைப்பவர்களும் உண்டு. பெயரின் பொருளோ மிக எளியது. சிங்களத்தில் 'பல்லே' என்றால் கீழே. 'கெலே' என்றால் காடு. கீழ்க்காடு என்று நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். கண்டி அரசன் நரேந்திரசிங்கன் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குண்டசாலையில் மாளிகை அமைத்துத் தங்கியதால் 'குண்டசாலை அரசன்' என்றே பெயர் பெற்றான். அவனது காலத்தில் இந்தத் தும்பறைப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி, பெயருக்கேற்ற காட்டுப் பூமியாகவே இருந்திருக்க வேண்டும்.

காட்டுக்கு முடிவு வந்தது கோப்பியோடு. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1830களில் கோப்பிப் பித்து தலைக்கேறியது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேர்ட் பொய்ட் டைட்லர் என்பவர் ஜமெய்க்காவில் கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கற்றுக்கொண்டு 1837இல் இலங்கைக்கு வந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் பயிரிடு முறையை இங்கே நிலைநாட்டியவர் என்று தோட்டத்துரைமார் அவரைப் போற்றினார்கள். அவருடைய பெயரோடு இணைந்து பேசப்படுவது பல்லேகலத் தோட்டம். பிற்காலத்தில் கொக்கோவைப் பெரிய அளவில் பயிரிட்ட முன்னோடிகளில் அவரும் ஒருவர். கீழ்க்காடு தோட்டமாயிற்று; தோட்டம் தொழிலாயிற்று. தொழில் என்று வந்துவிட்டால் கணக்கு வேண்டும், கணக்கில் நட்டம் என்றொரு பத்தி வேண்டும். அந்த நட்டப் பத்தியில்தான் எலி நுழைகிறது.

குறிஞ்சி பூத்தால்

கோப்பித் தோட்டத்து எலி நமது அடுப்படியில் ஓடும் எலி அன்று. விலங்கியலார் அதற்குக் கொலுண்டா எலியோட்டி என்று பெயர் வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த வோல்டர் எலியட்டின் நினைவாக வந்த பெயர் அது. அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்துச் சென்னைக்குக் கொண்டுசென்றவரும் அதே எலியட்தான். ஒரு கையில் பௌத்தச் சிற்பம், மறு கையில் எலி; அக்காலத்து ஆங்கில உத்தியோகத்தரின் ஆர்வத்துக்கு எல்லையில்லை!

இந்த எலி காட்டு வாசி. மர வேர்களின் இடையில் கூடு கட்டும். அதன் முதுகு மயிர் சொரசொரப்பானது. கோப்பிச் செடியில் ஏறி, மொட்டையும் பூவையும் தின்பதற்காக இளங்கிளைகளைக் கத்தரித்துப் போட்டுவிடும். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதுண்டு என்பது அவர் தரும் செய்தி. காட்டில் வழக்கமான உணவு குறையும்போது அவை பெருங்கூட்டமாக இடம்பெயர்ந்து வரும் என்றும், நோர்வே நாட்டு லெமிங் என்னும் பிராணியைப் போல அவற்றின் படையெடுப்பு இருக்கும் என்றும் அவர் சொல்கிறார்.

காட்டில் உணவு ஏன் திடீரென்று குறைய வேண்டும்? இங்கேதான் நமது இலக்கியத்துக்குச் சொந்தமான ஒரு மலர் வருகிறது. இலங்கை மலைக்காடுகளின் அடியில் அடர்ந்து வளரும் செடி 'நெலு'. அது நமது குறிஞ்சியின் குடும்பம். சங்கப் புலவர்கள் ஒரு திணைக்கே பெயராக்கிய அந்தக் குறிஞ்சியேதான். பல ஆண்டுகள் பூக்காமல் இருந்து, பின்பு மலை முழுதும் ஒரே காலத்தில் பூத்து, விதை சொரிந்து, செடி பட்டுப்போகும். விதை சொரியும் பருவத்தில் காட்டுக்கோழிக்கும் எலிக்கும் கொண்டாட்டம். உண்டு பெருகிய எலிகளுக்கு, விதை தீர்ந்த மறுநாள் பஞ்சம். பழைய காலமாக இருந்தால் பெரும்பகுதி பசியால் மடிந்து காடு தன் கணக்கை நேர் செய்திருக்கும். இப்பொழுது காட்டின் ஓரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கோப்பி மொட்டு விட்டு நிற்கிறது. எலி வராமல் என்ன செய்யும்?

காதலர் களவுக்குப் பின்னணியாக நாம் படித்த பூவுக்கு இப்படியொரு பொருளாதாரப் பின்விளைவும் உண்டு என்று முதன்முதல் அறிந்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. ஆனால் இது நமது மலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. இந்தியாவின் மிசோரம் மலைகளில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவகை மூங்கில் ஒன்றாகப் பூக்கும். அதை 'மாவுதாம்' என்பர், மூங்கில் சாவு என்று பொருள். மூங்கில் விதையைத் தின்று பெருகிய எலிகள் பின்னர் வயலில் இறங்கும். 1959இல் அப்படி வந்த பஞ்சத்தின்போது அரசு கைகொடுக்கவில்லை என்ற கோபத்தில் எழுந்த பஞ்ச நிவாரண அமைப்பே பின்னர் அரசியல் முன்னணியாகி, 1966இல் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. ஒரு பூவில் தொடங்கி, எலியில் வளர்ந்து, துப்பாக்கியில் முடிந்த கதை அது. எலியை அடிக்குறிப்பில் வைத்தால் வரலாறு விளங்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

யார் தின்றார், ஏன் தின்றார்?

டெனன்ட் எழுதியதில் இன்னொரு வரி உண்டு. நமது மக்களைப் பற்றியது. 'மலபார் கூலிகள்' என்று அவர் குறிப்பிடுவது தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரை. அவர்களுக்கு இந்த எலியின் இறைச்சியில் அத்தனை பிரியம் என்றும், எலி வரும் தோட்டங்களையே அவர்கள் விரும்பித் தெரிந்தெடுப்பர் என்றும், தேங்காயெண்ணெயில் பொரித்தோ கறியாக்கியோ உண்பர் என்றும் அவர் எழுதுகிறார். பின்னால் எழுதிய பலர் இந்தச் செய்தியை எடுத்துக் கையாண்டார்கள். படிக்கும் வெள்ளைக்கார வாசகனுக்கு அது ஒரு வேடிக்கை.

இதைக் கண்டு நம்மில் சிலர் வெட்கப்படுவதுண்டு. மறுக்க முனைவோரும் உண்டு. இரண்டும் தேவையில்லை என்பது என் கருத்து. வயலெலி தமிழ்நாட்டு மக்களில் ஒரு சாராருக்குப் பழகிய உணவு. அறுவடை முடிந்த வயலில் எலி வளையை வெட்டி, எலி சேர்த்து வைத்த நெற்கதிரை எடுத்துக் கஞ்சி காய்ச்சிய குடும்பங்கள் காவிரிப் படுகையில் எத்தனையோ. மூங்கில் வில்லால் செய்த தஞ்சாவூர்க் கிட்டி எலி பிடிப்பதில் இன்றும் பெயர் பெற்ற பொறி. இருளர் மக்களின் எலி பிடிக்கும் திறமையை விஞ்ஞானிகளே நேரில் கண்டு பாராட்டியிருக்கிறார்கள். எலி பிடிப்பது அவர்களுக்கு உணவு, கூலி, கலை மூன்றும்.

என் கேள்வி வேறு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து, வழியில் எத்தனையோ பேரைப் புதைத்துவிட்டு மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். கூலியின் ஒரு பகுதி அரிசியாகக் கொடுக்கப்பட்டுக் கணக்கில் கழிக்கப்பட்டது. அந்த அரிசியும் கடல் கடந்து, மாட்டு வண்டியில் மலை ஏறி வர வேண்டும். மழைக்காலத்தில் வண்டி நின்றால் அடுப்பும் நின்றது. இறைச்சி என்பது கனவு. அப்படிப்பட்ட இடத்துக்கு, உழவும் செலவும் இல்லாமல், கால் நடையாகவே இறைச்சி வந்து சேர்ந்தால் அதை விரும்பாமல் வேறென்ன செய்வார்கள்? துரையின் நட்டக் கணக்கில் இருந்த அதே எலி, லயத்தின் வரவுக் கணக்கில் இருந்தது. டெனன்ட் சுவையைக் கண்டார், பசியைக் காணவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்திய படை எது? நஞ்சு விற்கும் கம்பனியா? இல்லை. கவ்வாத்துக் கத்தி பிடித்த அதே கைகள்தாம் எலியையும் அடித்தன. கோப்பித் தொழிலைக் காத்ததற்காக அவர்களுக்குக் கிடைத்தது நன்றியன்று, ஒரு நகைச்சுவைக் குறிப்பு. முடிவில் கோப்பியை அழித்தது எலியும் அன்று. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம், இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே படுக்க வைத்துவிட்டது. பெரிய பகையைக் காணாமல் சின்னப் பகையை எண்ணிக்கொண்டிருந்தார்கள் போலும்.

அரிசி மூட்டையும் கொள்ளைநோயும்

கோப்பி போய்த் தேயிலை வந்தது. தொழிலாளர் பெருகினர். அரிசி இறக்குமதியும் பெருகியது. இப்பொழுது எலியின் களம் காட்டோரத்திலிருந்து கொழும்புப் புறக்கோட்டையின் அரிசிக் கிட்டங்கிகளுக்கு மாறுகிறது. இங்கே வருவது கோப்பி எலியன்று. கூரையேறும் கறுப்பெலியும், தரையைக் குடையும் பெருச்சாளியும். ஆங்கிலத்தில் பெருச்சாளிக்கு வழங்கும் 'பண்டிகூட்' என்ற சொல்லே தெலுங்கின் 'பந்திகொக்கு', அதாவது பன்றியெலி, என்பதிலிருந்து போனதுதான்.

1894இல் ஹொங்கொங்கில் கொள்ளைநோய்க் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1896இல் நோய் பம்பாயைத் தாக்கியது. 1898இல் கராச்சியில் ஆய்வு செய்த போல்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர், எலியிடமிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். பல ஆண்டுகள் அவரை யாரும் நம்பவில்லை. இலங்கை மட்டும் தப்பிக்கொண்டே இருந்தது. 1914 ஜனவரியில் அந்த அதிர்ஷ்டம் முடிந்தது. கொழும்பில் கொள்ளைநோய் தோன்றியது.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொழும்பு மாநகரத்தின் நுண்ணுயிரியலாளராக இருந்த எல். எப். ஹேர்ஸ்ட். அவர் செய்த வேலை, எலிகளைப் பிடித்து அவற்றின் மேலிருந்த தெள்ளுகளை எண்ணிப் பார்த்தது. கேட்பதற்கு அற்பமான வேலை. ஆனால் அதிலிருந்து பெரிய உண்மை ஒன்று வெளிவந்தது. எலித்தெள்ளு எல்லாம் ஒன்றல்ல; தோற்றத்தில் ஒத்த இரண்டு வகைகளில் ஒன்று நோயை வேகமாகப் பரப்புவது, மற்றது அவ்வளவு திறமையற்றது. கொழும்பில் பொதுவாக இருந்தது இரண்டாவது வகை. அபாயமான வகையோ, வெளிநாட்டுத் தானியம் அடுக்கிய கிட்டங்கிப் பகுதியில்தான் அடர்த்தியாக இருந்தது. சென்னைப் பட்டினம் கொள்ளைநோயிலிருந்து பெரும்பாலும் தப்பியதன் காரணமும் இந்த வேறுபாடாக இருக்கலாம் என்று அவர் கருதினார். அதாவது, எலி வந்தது மட்டுமன்று, அரிசி மூட்டையோடு தெள்ளும் கப்பலேறி வந்திருக்கிறது. தமது வாழ்நாள் அறிவைத் திரட்டி ஹேர்ஸ்ட் எழுதிய நூல் 1953இல் ஒக்ஸ்போர்டில் வெளியாயிற்று. 1926இன் சர்வதேச சுகாதார உடன்படிக்கை கப்பல்கள் எலி நீக்கிய சான்றிதழ் பெற வேண்டும் என்று விதித்ததும், துறைமுகங்களில் கப்பல் கயிற்றில் எலி ஏறாமல் வட்டத் தகடு மாட்டுவதும் இந்த யுகத்தின் கொடைகள்தாம்.

எலியைத் தடுத்தார்களா, ஆளைத் தடுத்தார்களா?

விஞ்ஞானம் இப்படித் தெள்ளத் தெளிவாகச் சொன்னது. நிருவாகம் செய்தது என்ன? தோட்டத்துக்கு வரும் தொழிலாளரைத் தடுத்து நிறுத்தியது. முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாம். பின்னர் இராமேசுவரம் பாதையில் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. குடும்பம் குடும்பமாக அங்கே நாட்கணக்கில் தங்கவைத்து, உடுப்பை அவித்து, உடம்பைச் சோதித்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். நோய்க்குக் காவல் வேண்டியதுதான். அதை நான் குறைகூறவில்லை. ஆனால் வசதி படைத்த பயணிக்கு இருந்த சலுகை கூலியாளுக்கு இல்லை என்பதையும், அதே கடலில் அரிசி மூட்டைகளோடு எலி முதலாளித்துவமாக வந்து இறங்கியதையும் சேர்த்துப் பாருங்கள்.

மண்டபம் முகாமின் கதை அத்தோடு முடியவில்லை. 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் அனுப்பப்பட்ட மலையக மக்கள் அதே மண்டபத்தில் இறங்கினார்கள். 1983க்குப் பின்னர் அகதிகளாகக் கடல் கடந்த ஈழத் தமிழருக்கும் அது முகாமாயிற்று. தெள்ளுக்குப் பயந்து போட்ட வேலி, நூறு ஆண்டுகளாக ஒரே சமூகத்தைச் சுற்றியே நின்றது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனைப் பற்றி நாம் சிரிக்கிறோம். எலிக்குப் பயந்து மனிதனை அடைத்தவனைப் பற்றி என்ன சொல்வது?

இலங்கையில் கொள்ளைநோய் 1930களின் இறுதியோடு ஓய்ந்தது. எலி ஓயவில்லை.

நஞ்சும் நடைமுறையும்

நஞ்சின் வரலாறும் சுவையானது. வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் இறந்தன. அதன் காரணத்தை ஆராய்ந்த விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் போல் லிங்க் குழுவினர் கண்ட பொருளின் வழியில் பிறந்ததே வார்பரின். 1948இல் எலி நஞ்சாகக் கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மனிதருக்கு இரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்தாகவும் ஆயிற்று. எலி மிகுந்த சந்தேகப் பிராணி. புதிய உணவைக் கண்டால் கொஞ்சமாகக் கடித்துப் பார்த்துக் காத்திருக்கும். உடனே வயிற்றைப் புரட்டும் நஞ்சென்றால் மறுமுறை தொடாது. வார்பரின் மெதுவாகக் கொல்வதால் அந்தச் சந்தேகத்தை வென்றது. வெற்றி நீடிக்கவில்லை. பத்தே ஆண்டுகளில், 1958இல், ஸ்கொத்லாந்தில் அந்த நஞ்சுக்கு அஞ்சாத எலிகள் தோன்றிவிட்டன.

பரிசு கொடுத்துக் கொல்லும் முறையும் அப்படியே. 1902இல் ஹனோய் நகரில் பிரெஞ்சு ஆட்சியாளர் எலி வாலுக்குப் பணம் கொடுத்தார்கள். சில நாட்களில் வாலில்லா எலிகள் தெருவில் ஓடக் கண்டார்கள். வாலை நறுக்கிவிட்டு எலியை விட்டுவிட்டால் அது குட்டி போடும், குட்டிக்கும் வாலுண்டு அல்லவா! ஏழையின் கணிதம் ஆட்சியாளரின் கணிதத்தை வென்ற இடங்களில் இதுவும் ஒன்று.

உண்மையான பாடத்தை 1940களில் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் டேவிட் டேவிஸ் முதலிய ஆய்வாளர்கள் கற்றார்கள். எலிகளைக் கொன்று குறைத்தால் எஞ்சியவை விரைவில் பெருகிப் பழைய எண்ணிக்கைக்கே வந்துவிடுகின்றன. குப்பையை மூடி, ஓட்டையை அடைத்து, ஒதுங்குமிடத்தை நீக்கினால்தான் குறைந்த எண்ணிக்கை குறைந்தபடி நிற்கிறது. எத்தனை எலி என்பதைத் தீர்மானிப்பது நஞ்சன்று. அந்த இடம் எத்தனை எலிக்குச் சோறு போடுகிறது என்பதே.

பல்லேகலைப் பக்கம் போகும்போது தொழிற்சாலைச் சுவர்களின் அடியில் இலக்கமிட்ட சிறு பெட்டிகளைக் கண்டிருக்கிறேன். எலி நுழையும் அளவுக்குத் துளை, உள்ளே இரை. குறித்த நாளில் ஒருவர் வந்து திறந்து பார்த்து அட்டையில் பதிவார். உணவோ உடையோ ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கு அந்த அட்டை வெளிநாட்டுக் கொள்வனவாளர் கேட்கும் சாட்சி. கதவடியில் விரற்கடை இடைவெளி இருந்தாலும் அடைத்தாக வேண்டும், சுவரோரம் பொருள் அடுக்கக் கூடாது, கழிவை அன்றன்றே அகற்ற வேண்டும். டேவிஸ் கண்ட பாடம் அங்கே சட்டமாகியிருக்கிறது. நல்லது.

ஆனால் அந்த மதிலுக்கு வெளியே? மத்திய மலைநாட்டில் எலிக்காய்ச்சல் வந்துகொண்டுதான் இருக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் காலில் உள்ள சிறு புண் வழியே கிருமி நுழைகிறது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர் என்று பதிவாயிற்று. கண்டி, மாத்தளை மாவட்டங்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. வயலில் இறங்குபவர், கான் துப்பரவு செய்பவர் ஆகியோரே பெரும்பாலும் பலியாகிறார்கள். வருமுன் காக்க மாத்திரை உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம். காய்ச்சல் வந்தபின் 'சாதாரணக் காய்ச்சல்' என்று காத்திருப்பதே ஆளைக் கொல்கிறது.

எனவே எலிக்கு எதிரான போர் என்று நாம் சொல்வது எப்போதும் இரண்டு போர். ஒன்று பொருளைக் காக்கும் போர். அதற்குப் பணமும் அறிவும் என்றும் கிடைத்திருக்கின்றன. மற்றது ஆளைக் காக்கும் போர். அது என்றும் பின்தங்கியே வந்திருக்கிறது. கோப்பி மொட்டுக்கு நட்டக் கணக்கு எழுதியவர்கள் லயத்தின் பட்டினிக்கு எழுதவில்லை. துறைமுகத்தில் தெள்ளை எண்ணிய அறிவு, மண்டபத்தில் மனிதரை எண்ணும் வேலையாக மாறியது. இன்றும் ஏற்றுமதிக் களஞ்சியத்தின் கதவு பொருத்தமாக மூடுகிறது. ஆனால் ஒழுகும் தகரத்தின் கீழே, ஓரறை லயங்களில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எலிக்கு அது எளிதில் வாய்த்துவிடுகிறது. அந்த எலிகளை அடித்து இந்நாட்டின் முதல் பெருந்தொழிலைக் காத்த மக்களின் சந்ததிக்கு ஆளுக்கொரு வீடு என்பது இன்னும் முழுதாக வாய்க்கவில்லை. கீழ்க்காட்டு எலிகளின் வரலாற்றை அடிக்குறிப்பிலிருந்து மேலே எடுத்து வாசிக்க வேண்டும் என்று நான் கேட்பது இந்தக் கணக்கு தீர்க்கப்பட வேண்டும் என்பதற்காகவே.